தோல் போர்த்திய ஒயர்

எங்கள் வீட்டுக்குக் கிட்டார் வந்த விதமே அவ்வளவு கௌரவமானது இல்லை. பெங்களூரில் இருந்த என் மாமா எழுபதுகளில் அங்கே ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். தோள்வரை முடி வளர்த்திருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த முடியைப் பார்த்து அம்மா அழுவார். கல்யாணம் ஆனதும் அத்தை முதல் வேலையாக முடியை வெட்டவைத்தார், அடுத்ததாகக் கிட்டாரை ஒரு பார்வை பார்த்தார். மாமா முந்திக்கொண்டார். கிட்டார், அதன் ஆம்ப்ளிஃபயர், காலால் மிதிக்கும் மூன்று குட்டி இரும்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டுவந்து, "குழந்தை ஜெபக்கூட்டத்துல வாசிக்கட்டும்" என்று சொல்லி ஆம்பூரில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குழந்தை என்று அவர் சொன்னது என்னைத்தான். நான் அப்போது இருபது வயதைத் தாண்டி, ஷூ கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சட்டத்தைச் சொன்னார்.

"கர்த்தருக்கு வாசிக்கிறதா இருந்தா வாசி. கச்சேரி, கல்யாணம், ஆர்கெஸ்ட்ரான்னு எவனாவது வந்து என்கிட்ட சொன்னான்னா, அன்னிக்கே பெங்களூர் பஸ்ல ஏத்திடுவேன்."

"கிட்டாரையா, என்னையாப்பா?"

"ரெண்டையும்."

அதனால் கணக்கு ரொம்ப எளிமையானது. சர்ச்சில் இடம் கிடைத்தால் எனக்குக் கிட்டார் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. ஒரு பெண் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க எங்கள் ஊரில் வேறு இடம் கிடையாது. பையனாகப் பிறந்திருந்தால் குடியாத்தம் திருவிழாவில் நின்று வாசித்துவிட்டு விடியும்போது வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த எரிச்சல் எனக்கு இன்றும் முழுக்கப் போய்விடவில்லை.

சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுத்த ஆசிரியர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும், தட்டிச் சுருதி பிடிக்கும் ஒரு இசைக்கவை இருக்கும். கிட்டார் என்றதும் சபைக் கமிட்டி சினிமா என்றது. அவர் சினிமா என்று சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. கடைசியில் நவம்பரில் ஆரம்பித்து கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை முடியும்வரை பார்ப்பது என்று முடிவானது. அதற்குள் ஒரே ஒருத்தர் வந்து குறை சொன்னாலும் அதோடு சரி.

"கிட்டார் இருக்கணும். ஆனா தனியா கேக்கக் கூடாது. புரியுதாம்மா?" என்றார்.

"புரியுது சார்" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த மூன்று இரும்புப் பெட்டிகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெட்டி ஓசையைக் கிழித்துக் கரகரக்க வைக்கும். அதற்கு ஃபஸ் என்று பெயர். இன்னொன்று வா-வா, மிதிக்க மிதிக்கக் கிட்டார் வாயைத் திறந்து மூடும். மூன்றாவது ஓசையை நடுங்கவைக்கும். கிட்டாரிலிருந்து ஒயர் முதல் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு, கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்கு. இந்தப் பெட்டிகள் இல்லாமல் அந்தக் கிட்டாரை வாசிப்பது எனக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் இல்லாமல் ஆம்பூர் பிரியாணி சாப்பிடுகிற மாதிரி. சாப்பிடலாம், ஆனால் ஏன்?

ஆக, பெட்டிகள் வரவேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாது. கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஷூ ஜோடிகளை அடுக்கிக் காட்டும் சாம்பிள் பெட்டிகள் உண்டு. கறுப்பு நிறத்தில் தட்டையாக இருக்கும். கீல் ஆடிப்போன ஒன்றை ஸ்டோர்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். என் திட்டம் இதுதான்: உள்ளே பலகை வைத்து மூன்று பெட்டிகளையும் இறுக்கிவிடுவது, சர்ச்சுக்குள் மூடியபடி தூக்கிப்போவது, என் காலடியில் வைத்துத் திறப்பது. நிமிர்ந்து நிற்கும் மூடி சபையார் பக்கம் மறைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் வைக்கும் பெட்டி மாதிரி தெரியும். அதற்காக மூடிக்கு வெளியே ஒரு சிலுவைப் படம்கூட ஒட்டிவைத்தேன்.

எல்லாம் சரி, மூடி மூடவில்லை.

பெட்டிகளை இணைக்கும் குட்டி ஒயர்களின் இரண்டு நுனியிலும் பெட்டியில் சொருக ஒரு பின் உண்டு. மாமா கொடுத்த பின்கள் ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். அது போதாதென்று, அதன் பின்பக்கத்திலிருந்து ஒயர் இன்னும் ஒரு வளைவு வளைந்துதான் திரும்பும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட வேண்டியிருந்தது. நெருக்கிவைத்தால் பின் நுழையாது, தள்ளிவைத்தால் சாம்பிள் பெட்டிக்குள் அடங்காது. மேல்நோக்கி வளைத்தால் மூடி இடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க மூடிமேல் உட்கார்ந்து பார்த்தேன். கீல்தான் இன்னும் கொஞ்சம் ஆடியது.

லீவு நாளில் பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். கோட்டைக்கு எதிரே உள்ள பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று. தட்டையான பின் வேண்டும், ஒயர் பின்பக்கமாக வராமல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்றேன்.

"தம்பிக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, எனக்கு."

அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்தார். அப்படிப்பட்ட பின் மெட்ராஸிலேயே கிடைக்காது என்று ஃபேனிடம் சொன்னார். சாதாரணப் பின்னை வாங்கி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டி, ஒயரைப் பக்கவாட்டில் பற்றவைத்து டேப் சுற்றிக்கொள்ளச் சொன்னார். யோசனை சரியானதுதான். ஆனால் அதை அவர் ஃபேனிடம் சொன்னதால் நான் நன்றி சொல்லவில்லை. பின்களும் வலைக்கம்பி சுற்றிய ஷீல்டு ஒயரும் பற்றவைக்கும் கோலும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். டேப் மட்டும் வாங்கவில்லை.

டேப் ஏன் வாங்கவில்லை என்பதற்கு ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எந்தக் கோளாறுக்கும் மருந்து ஒரு துண்டுத் தோல்தான். மேஜைக் கால் ஆடினால் அடியில் தோல் வைப்போம். குழாய் ஒழுகினால் தோலில் வாஷர் வெட்டுவோம். கதவு கிறீச்சிட்டால், சைக்கிள் செயின் கவர் கடகடத்தால், தையல் மெஷின் பெல்ட் அறுந்தால் தோல்தான். தோலாலே முடியாத காரியம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் அவரை நாங்கள் வெளியூர்க்காரர் என்று முடிவுகட்டிவிடுவோம். தினமும் ஆயிரக்கணக்கான ஷூக்களுக்கு மேல்தோல் தைத்து அனுப்புகிற கம்பெனியில் வேலை செய்துகொண்டு, ஒரு பின்னுக்குப் போய் பிளாஸ்டிக் டேப் சுற்றினால் மானம் என்னாவது?

கம்பெனியில் எனக்கு அடுத்த மேஜையில் ஸ்கைவிங் செய்கிறவள் என் தோழி. ஸ்கைவிங் என்றால் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது. மடித்துத் தைக்கும்போது ஓரம் தடிக்காமல் இருப்பதற்காக. அந்த வேலையில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை, அதை அவளே தினம் ஒரு முறை சொல்வாள். நான் வாலை வெட்டி, ஒயரைப் பக்கவாட்டில் பற்றவைத்து, முதல் பின்னை அவளிடம் காட்டினேன். அம்மணமாக இருந்தது. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலைக்கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஓசை போய்விடும், அதனால் நடுவிலும் மேலேயும் ஏதாவது போர்த்த வேண்டும் என்றேன்.

"ஷூ தோல் இதுக்கு ஜாஸ்தி மொத்தம்டி" என்றாள். "வெட் ப்ளூ கொண்டாரேன். ஈரமா இழுத்துக் கட்டு. காயறப்போ தானா கப்புனு புடிச்சிக்கும்."

வெட் ப்ளூ என்பது தோல் பதனிடும் டேனரியில் குரோம் ரசாயனத்தில் ஊறவைத்து எடுத்த தோல். ஈரமாக, வெளிர்நீலமாக இருக்கும். அது இன்னும் சாயம் ஏறாத, எண்ணெய் காணாத, பாதி வேலை முடிந்த தோல். அவளுடைய அண்ணன் டேனரியில் இருந்தான். மறுநாள் டிபன் பாக்ஸின் மேல்தட்டில் எலுமிச்சை சாதமும் கீழ்த்தட்டில் வெட் ப்ளூவும் வந்தன. புளித்த நெடி அடித்தது. அன்று நாங்கள் இருவருமே எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடவில்லை.

ஈரத் தோலை மெஷினில் விட்டால் கத்தி இழுத்துவிடும் என்று அவள் கல்லின் மேல் வைத்துக் கையாலேயே சீவினாள். வெற்றிலை கனத்துக்கு வந்தது. நான் நாக்கு வடிவில் வெட்டி, கம்பிகளுக்கு நடுவே ஒரு மடிப்பு விட்டு, மேலே இழுத்துப் போர்த்தி, தையல் நூலால் இறுக்கிக் கட்டினேன். சாப்பாட்டு நேரத்தில்தான் இந்த வேலை. சூப்பர்வைசர் வந்தால் புது மாடல் காலணிக்கு வார் செய்கிறோம் என்றோம். அவர் கையில் எடுத்துப் பார்த்து, தையல் ஓரமாகப் போகவேண்டும் என்று திருத்தினார். அதையும் கேட்டுக்கொண்டோம்.

காய்ந்ததும் நூலை அவிழ்த்தோம். தோல் பின்னோடு ஒட்டிப்பிடித்து, கல்லாட்டம் கெட்டியாகி, ஒரு விரல் அகலத்தில் தட்டையாக நின்றது. ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். இன்றைக்குக் கடையில் அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே தட்டைப் பின் ஒயர்கள், அவையெல்லாம் அதன் அழகுக்குக் கிட்டே வர முடியாது. பெட்டிகளைத் தோளோடு தோள் இடிக்க வைத்தேன், ஒயர்கள் நடுவே அடங்கி உட்கார்ந்தன. மூடியை மூடினேன். பூட்டு டக்கென்று விழுந்தது. நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

நல்ல வெயில் நாளில் வீட்டு மாடியில் சோதித்துப் பார்த்தேன். ஃபஸ் பெட்டியை மிதித்து ஒரு தட்டு தட்டியதும் எதிர் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை. கேரல் ஆராதனையின் கடைசிப் பாட்டில் யாரும் எதிர்பாராத இடத்தில் அந்தப் பெட்டியை மிதிக்க வேண்டும் என்று அன்றே மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

நவம்பர் முதல் ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க மழை. சுவரெல்லாம் ஊறி, சர்ச்சுக்குள் ஈரக் குடை வாசனை. மூடியை நிமிர்த்திவைத்து, எல்லாவற்றையும் சொருகி, முதல் பாட்டுக்குக் கம்பியைத் தட்டினேன். ஓசை வந்தது. ஆனால் என் கிட்டாரின் ஓசை இல்லை. யாரோ அடுத்த தெருவில் கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல ஒரு முனகல். ஆம்ப்ளிஃபயரைத் திருகினேன். முனகல் கொஞ்சம் பெரிய முனகல் ஆனது. ஃபஸ் பெட்டியை மிதித்தேன், அது மூக்கடைத்தவன் மாதிரி ஏதோ சொன்னது. முழு ஆராதனையும் அப்படியே வாசித்து முடித்தேன், அன்றோடு கிட்டார் பெங்களூர் பஸ் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் சரித்திர ஆசிரியர் என்னை நோக்கி வந்தார். நான் அவசரமாக மூடியைச் சாத்தினேன்.

"இதத்தாம்மா நான் சொன்னேன்" என்றார். "எவ்ளோ பாந்தமா இருந்துச்சு. இதே மாதிரியே வாசி."

பின்னாலேயே கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, எலெக்ட்ரிக் கிட்டார் இவ்வளவு பக்தியாக இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், வயலின் வாசித்த பெண் யார் என்று விசாரித்தார். ஆர்மோனியக்காரரோ தன் ஆர்மோனியம் அன்றைக்கு ரொம்ப நன்றாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு எல்லோரிடமும் வணக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனியில் தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு பின்னைக் கையில் வாங்கி விரலால் அழுத்தினாள். கல்லாட்டம் இருந்தது மெத்தென்று ஆகியிருந்தது. அப்புறம் நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டாள்.

"த்தூ. உப்புடி."

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. குரோமில் போடுவதற்கு முன் தோலை உப்பிலும் ஆசிட்டிலும் ஊறவைப்பார்கள் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். ஷூவுக்கு வரும் தோலில் அதையெல்லாம் அலசி எடுத்து எண்ணெய் ஏற்றிவிடுவார்கள். நாங்கள் பாதி வழியிலேயே கடத்திக்கொண்டுவந்தோம். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்விடுகிற மாதிரி அந்தத் தோலும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் கரண்ட் ஓடும். நடுக்கம்பியில் போகவேண்டிய ஓசையில் முக்கால்வாசி தோல் வழியாகவே வலைக்கம்பிக்குக் கசிந்துபோய்விட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அருகில் வைத்துக் காயவைத்தேன், ஆட்டை விரட்டிய பழைய ஓசை அப்படியே திரும்பி வந்தது. ஈரத் துணியால் தொட்டேன், பக்தி வந்துவிட்டது.

"அப்போ டேப் சுத்திடலாமா?" என்றேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இன்னாடி நீ. அவங்களே புடிச்சிருக்குன்றாங்க. நல்லா போற வண்டிய நிறுத்திப் பேஜார் பண்ணுவியா? கேரல் வரிக்கும் ஈரமாவே வெச்சிக்க."

அன்றிலிருந்து ஒரு மைப் புட்டியில் உப்புத் தண்ணீரும், ஓரச் சாயம் பூசும் குட்டி பிரஷும் என் பாட்டுப் புத்தகத்தோடு சர்ச்சுக்கு வந்தன. ஆராதனைக்கு முன்னால் மூடிக்குப் பின்னே குனிந்து ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பூச்சு. இதில் எனக்குச் சீக்கிரமே கை தேறிவிட்டது. துதிப் பாட்டுக்கு லேசாகத் தொட்டால் போதும், அமைதியான திருவிருந்துப் பாட்டுக்கு நன்றாக நனைக்க வேண்டும். ஒரு நாள் போதகர் பார்த்துவிட்டார். என்னம்மா பூசுகிறாய் என்றார். "ஒயர் காயக்கூடாதுங்க ஐயா" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வாரத்துக்கு வாரம் பாராட்டு கூடியது. வீட்டில் அப்பாகூட ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பரவால்ல, கேக்கற மாதிரிதான் இருக்கு" என்றார். அம்மா பெங்களூருக்குக் கடிதம் எழுதினார். நானும் நாலு பேர் முன்னால் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவர்கள் மெச்சுவது என் கிட்டாரை இல்லை. அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒரு துண்டு ஈரத் தோலை. நான் கஷ்டப்பட்டுப் பழகிய இடங்கள் எதுவும் ஒருவர் காதிலும் விழவில்லை, விழாததற்குத்தான் இந்தப் பாராட்டெல்லாம். கிட்டாரைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைக் கேட்கவிடக் கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தோழியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த தோலைச் சீவி முடித்தாள். பிறகு, "கேரல் முடியட்டும். அப்புறம் காயவிட்டுடு, வர்றது வரட்டும்" என்றாள்.

டிசம்பர் பாதியில் ஒரு பின்னின் ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தால் செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. உப்பும் ஆசிட்டும் அதைத் தின்றுகொண்டிருந்தன. ஓசையும் நாளுக்கு நாள் மெலிந்தது. அதைச் சரிக்கட்ட ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். கேரல் ஆராதனை அன்று மாலை அது அதற்குமேல் திரும்ப இடமில்லாமல் கடைசியில் நின்றது.

சர்ச் நிரம்பி வழிந்தது. காகித நட்சத்திரமும் மணியும் தொங்கின. கம்பெனிப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கறுப்பு புர்காவில் என் தோழி. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள், இரண்டாம் வரிசையில் அப்பா. இன்று ஒரு நாள் தாண்டினால் கிட்டார் எனக்கு நிலைத்துவிடும். ஃபஸ் பெட்டியை மிதிக்கும் நேர்த்திக்கடனைக்கூடத் தள்ளுபடி செய்துவிட்டேன். அந்த அளவுக்கு ஆசை என்னைக் கோழையாக்கியிருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டார் செத்தது. கம்பியைத் தட்டுகிறேன், ஒன்றும் வரவில்லை. எந்த ஒயர் என்று குனிந்து பார்க்க நேரமில்லை. நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன். இரண்டு அடி பாடிவிட்டார்கள், யாரும் திரும்பவில்லை. இதைவிடப் பத்திரம் வேறென்ன என்று எனக்கே தோன்றியது. ஓசையே இல்லாத கிட்டார்மேல் யார் குறை சொல்ல முடியும்? இப்படியே கையை ஆட்டி ஆராதனையை முடித்துவிட்டால் ஜெயித்தாயிற்று.

அப்போது சரித்திர ஆசிரியரின் கை உயர்ந்தது. பாடகர் குழு சட்டென்று நின்றது. அது தெரியாத சபையார் இன்னும் ஒரு அடி பாடி, பெஞ்ச் பெஞ்சாக ஓய்ந்தார்கள். ஆர்மோனியம் கடைசியாக மூச்சை விட்டது. ஒரு ஆராதனையின் நடுவில் அவர் பாட்டை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

"கிட்டார் எங்கம்மா?" என்றார்.

"ஒயர் போய்டுச்சு சார். நீங்க பாடுங்க சார், நான் அப்புறமா..."

"நீ சரி பண்ணு. நாங்க இருக்கோம்."

சர்ச் முழுவதும் காத்திருந்தது. எனக்காக. மூடிக்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு பின்னை இழுத்தேன். தோல் மட்டும் கையோடு வந்தது, பின் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. அவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். பெட்டிகளைப் பார்த்தார், பச்சை வழியும் நீலத் தோல்களைப் பார்த்தார், மைப் புட்டியைப் பார்த்தார். நாற்றம் எட்டியதும் கைக்குட்டையை எடுத்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"கிட்டாரோட சாமான் சார்."

கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. யார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் கமிட்டிக்காரர் கழுத்தை நீட்டிப் பாதி எழுந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. பெட்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, கிட்டாரிலிருந்து வரும் நீள ஒயரைப் பிடுங்கி நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். வருகிறதா என்று பார்க்க ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

திருகு கடைசிவரை ஏற்றியிருந்தது நினைவில்லை.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காகித மணி ஒன்று அறுந்து விழுந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பாதி எழுந்திருந்த கமிட்டிக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓசை கூரைவரை போய், சுற்றி, நிதானமாகத் தேய்ந்து அடங்கியது. நடுங்காமல், மூக்கடைக்காமல், முழுசாக. பல வாரங்கள் கழித்து என் கிட்டாரை நான் கேட்டேன். அத்தனை பயத்திலும் அது எனக்கு இனித்தது. எல்லாம் முடிந்தது என்றும் தெரிந்தது. அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. திருகைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"வேணாம்" என்றார் ஆசிரியர். "அதுமேல கை வைக்காத."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"இத்தன வாரமா இதையா அடக்கி வெச்சிருந்தே?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நான் சொன்னதுக்காகவா?"

தலையாட்டினேன்.

அவர் தன் இடத்துக்குப் போய்ப் பாடகர் குழுவையும் சபையையும் ஒருமுறை பார்த்தார்.

"கேட்டீங்க இல்ல" என்றார். "கிட்டார் ஜாஸ்தி இல்ல. நாமதான் கம்மி. தொண்டையத் தொறந்து பாடுங்க. முதல்ல இருந்து."

கையை உயர்த்தினார். எப்போதும் ஆர்மோனியத்தின் பக்கம் போகும் கை, அன்று என் பக்கம் திரும்பி நின்றது. பாட்டை நான் தொடங்க வேண்டும். கண்ணில் நீர் முட்டி, கம்பி எது, கட்டை எது என்று தெரியவில்லை. அழுதுகொண்டேதான் வாசித்தேன்.